முழு வரவுப் பரிசு

அந்தப் பள்ளிக்கூட அதிபர் பெரிய பொய்க்காரர். கண்டுபிடித்தது நானல்ல. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போன பஸ்ஸில், எனக்கு முன்சீற்றில் இருந்த ஒரு தாய் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"என்ட மகளுக்கு முழு வரவுப் பரிசு கிடைச்சிரிக்கிகா."

பக்கத்தில் இருந்தவள் வாயைப் பிளந்தாள். "நடக்க ஏலாத புள்ளைக்கா? அவள் எப்ப ஸ்கூல் போன?"

"போகவேயில்ல. இந்தா சேட்டிபிக்கட். ஒரு நாளும் லீவு எடுக்கல்லயாம்."

"யா அல்லாஹ்! வானத்திலரிந்து மலக்குமார் வந்து தூக்கிட்டுப் போனாங்களா?"

"ஏலாத புள்ளைகளுக்கு விசேட வகுப்பெண்டு போர்ட் போட்டிரிக்காங்க. புள்ளைகள் கொறஞ்சா மூடிப்போடுவாங்களாம். அதுக்காக இவள்ட பேருக்கும் ஒவ்வொரு நாளும் இடாப்பில வரவு போட்டிரிக்காங்க. நான் கொண்டு போனா, வாசல்ல மூணு படி இரிக்கி, தூக்க ஆளில்ல, ஊட்டயே வெச்சிரிங்க எண்டு அதிபர் செல்றாரு."

"எல்லாப் புள்ளையும் ஸ்கூல் போகணுமெண்டு இப்ப சட்டமும் வந்திரிக்கே."

"ஓம், என்ட மகள் இடாப்பில போறாளே!"

"சரிகா, சும்மா கிடைச்ச பரிசுதானே. வெச்சிக்க."

"அவள் பரிசு கேக்கல்ல. காலையில வெள்ளச் சட்டையப் போட்டுட்டு, ஸ்கூல் போற புள்ளைகளப் பாத்துக்கிட்டு ஊட்டுக் கடப்படியில இரிக்காள்."

கொண்டக்டரும் டிக்கட் கிழிப்பதை நிறுத்திவிட்டார்.

"இப்ப என்ன செய்யப் போறாய்?" பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை பெற்றார் கூட்டம். மகளத் தூக்கிட்டுத்தான் போறன். இவ்வளவு நாளும் இவள் எந்தக் கதிரையில இரிந்தாளெண்டு, அத்தன பேருக்கும் முன்னால அவர் மைக்கில செல்லட்டும்."