தெய்வானை பேர்ல ஓடுன எண்ணெய் மில்லு

நம்ம குழுக் கூட்டம் கலையறதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதை கேட்டுட்டுப் போங்க அம்மணிகளா. டீ வர்றதுக்குள்ள முடிச்சிருவேன்.

வெள்ளகோவில் பக்கம் தெய்வானைன்னு ஒருத்தி. வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி எண்ணெய் மில்லு வெச்சார். வைக்கறப்ப ஜோசியர் சொன்னாராம்... "உங்க ஜாதகத்துக்குத் தொழில் ஆகாதுங்க. சம்சாரம் பேர்ல போடுங்க, ஓகோன்னு ஓடும்." போட்டார். லைசென்ஸ், பேங்க் கணக்கு எல்லாம் அவ பேர்ல. அவளுக்குப் பதிலா அவரே பேங்குல கையெழுத்துப் போடலாம்னும் எழுதி வாங்கிக்கிட்டார். இவ என்ன பண்ணுனா? நீட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டா. எதுக்குன்னு கேட்டாளா? கேக்கல. நம்மள்ல யாரு கேட்டிருக்கோம்?

பதினாறு வருசம் போச்சு. ரெண்டு பேருக்கும் ஒத்து வரல. விவாகரத்துக் கேசு கோர்ட்டுல. மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டற நேரம். அப்பப் பார்த்து மில்லு வாசல்ல நின்னு சொல்றார்... "ஜீவனாம்சமா கேக்கற? மில்லு திவாலுன்னு மஞ்ச நோட்டீஸ் குடுத்துட்டுக் கைய விரிச்சிருவேன். உனக்குப் புண்ணாக்குகூட மிஞ்சாது."

ரெண்டு நாள் அழுதா. மூணாம் நாள் வக்கீலம்மாகிட்டப் போனா. அந்தம்மா கேட்டது ஒரே கேள்வி.

"மில்லு யார் பேர்லீங்க?"

"என் பேர்லதானுங்க... ராசின்னு..."

வக்கீலம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க. "உங்க மில்லுக்கு அவர் எப்படிங்க மஞ்ச நோட்டீஸ் குடுப்பார்? ஆனா சிரிக்காதீங்க. கடனும் உங்க பேர்லதான். நாளைக்கு அவர் புதுசா வாங்குனாலும் உங்க தலையிலதான் விழும். மொதல்ல பேங்குக்குப் போங்க."

போனா. அவர் கையெழுத்து இனிச் செல்லாதுன்னு எழுதிக் குடுத்தா. இருக்கற கடனை வரிசையா எழுதி வாங்கிக்கிட்டா. மறுநாள் போன் வருது.

"ஏ தெய்வானை, பேங்க்காரன் என்னை யாருன்னு கேக்கறான்..."

"ஜோசியர் சொன்னது பலிச்சிருச்சுங்க. இனி என் பேர்லயே ஓடட்டும்."

ஓடுச்சு. நாலு வருசத்துல கடன் அடைஞ்சுது. மக படிச்சு முடிச்சுட்டா. நீங்க தாளிக்கற கடலெண்ணெய் அந்த மில்லுதுதான்.

எதுக்குச் சொல்றேன்? யாராச்சும் மிரட்டுனா அழுகை தானா வரும், வரட்டும். கண்ணைத் தொடைச்சுட்டு... எது யார் பேர்ல இருக்குதுன்னு பாருங்க. பீரோவுல சேலைக்கடியில காகிதம் கிடக்கும். எழுத்துக் கூட்டிப் படிங்க. நான் படிச்சது அஞ்சாங்கிளாஸ், எனக்கு அது போதுமா இருந்துச்சு.

இப்ப நம்ம குழுவோட தீர்மான நோட்டு உங்ககிட்ட வருது. எழுதுனது நான்தான்... இருந்தாலும், படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.