நாலு பத்து மௌனம்

விடியற்காலை நான்கு மணி இருபது நிமிடம். ஆறு கிலோமீட்டருக்கு ஆளே இல்லாத சாலை. அதில் ஒரே ஒரு ஸ்கூட்டர்... அதை ஓட்டுகிறவள் அழுதுகொண்டே போகிறாள். பயத்தில் இல்லை. எரிச்சலில்.

நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவைச் சாத்திவிடுங்கள், காற்று வருகிறது. இது எனக்கு நடந்ததில்லை. என் தோழியின் நாத்தனாருக்கு நடந்தது. தோழிக்குப் பொய் சொல்ல வராது. சீட்டாடும்போதுகூடத் தன் கையில் என்ன இருக்கிறது என்பதை முகத்தில் காட்டிவிடுவாள். அதனால்தான் நம்பினேன்.

நாத்தனாருக்கு இருபத்து நான்கு வயது. பகலில் ஓர் ஆபீஸில் கடைகளுக்கு வெப்சைட் செய்கிற வேலை. அது போதாதென்று இரண்டு பொதுக் காரியங்களைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று, ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துகிற சமூக வானொலி. இன்னொன்று, சனிக்கிழமைகளில் அதே வானொலியின் பின்னறையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோபோ செய்யக் கற்றுக்கொடுப்பது. வெப்சைட் செய்கிற அக்கா என்பதால் பிள்ளைகள் அவளை 'வெப்பக்கா' என்றார்கள். சட்டென்று கொதிக்கிற ஆள் என்பதால் பெயர் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது.

இரவு பதினொன்றுக்கு மேல் நிலையத்தில் ஆள் கிடையாது. விடியும்வரை ஒரு கம்ப்யூட்டர் தானாகவே பாட்டுப் போடும். முப்பது விநாடி சத்தம் வராமல் போனால் வெப்பக்காவின் போன் அலறும். அந்த அலாரத்தை எழுதியதும் அவளேதான்... சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை.

ஒரு திங்கட்கிழமை, நான்கு பத்துக்கு, அது அலறியது. வீட்டிலிருந்தே சரிசெய்யப் பார்த்தாள். கம்ப்யூட்டர் அவள் பேச்சைக் கேட்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், ஸ்டூடியோவைத் திறந்து, பவர் பட்டனை அழுத்தி அணைத்து, மறுபடி போட்டாள். பாட்டு வந்தது. வீட்டுக்கு வந்து படுத்தாள்.

செவ்வாய், நான்கு பத்து. புதன், நான்கு பத்து.

வயரை மாற்றினாள். கம்ப்யூட்டருக்கு எழுதியதை அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். கடைசியில் கம்ப்யூட்டரையே மாற்றினாள். எங்கேயும் ஒரு பிழை இல்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்ததாகத்தான் கம்ப்யூட்டர் எழுதி வைத்திருந்தது. ஓடியிருக்கிறது... சத்தம்தான் வெளியே வரவில்லை.

பதினோராம் நாள் வானொலி மேனேஜர் கூப்பிட்டார்.

"நீ வர்றதுக்கு முன்னாடி நம்ம ரேடியோ இப்படி வாய மூடினதே இல்லம்மா."

"அதுக்கு முன்னாடி ராத்திரியில ரேடியோவே கிடையாது சார்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

ஆபீஸில் மேஜைமேல் தூங்கி விழுந்து மானம் போனது. "நீ இல்லன்னா அந்த ரேடியோ செத்தா போயிடும்?" என்று அண்ணன் தினமும் கத்தினான். அண்ணி, அதாவது என் தோழி, தினமும் அவளுடைய ஸ்வெட்டரை எடுத்துக் கதவருகே வைத்தாள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த நேரத்தில் ஸ்டூடியோ கதவைத் திறந்தால் ஒரு வாசனை வரும். அப்போதுதான் இஸ்திரி போட்ட துணியின் வாசனை... சூடாக. எரிச்சலில் இருக்கிறவளுக்கு எதிரில் பேயே வந்து நின்றாலும் தெரியாது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை வகுப்பில் அவளுக்குக் கண் சொருகியது. வரப்போகிற ரோபோ போட்டிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் மூன்று வாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் இரட்டை ஜடைக்காரி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, அந்த பட்டனை அழுத்தறதுக்குத்தானே நீங்க ராத்திரி ராத்திரியா வர்றீங்க? நாங்க ஒரு வெரல் செஞ்சு தர்றோம்."

செய்தார்கள். ஒரு மோட்டார், ஒரு மரக்கட்டை, நுனியில் பென்சில் ரப்பர். பக்கத்தில் ஒரு சின்னக் கேமரா. வெப்பக்கா தன் பங்குக்கு ஒரு வலைப்பக்கம் எழுதினாள். அதில் 'அழுத்து' என்று ஒரே ஒரு பொத்தான். போனில் அதைத் தொட்டால் அங்கே விரல் இறங்கும்.

அன்று இரவு நான்கு பத்துக்கு அலாரம் அடித்தது. போர்வைக்குள் இருந்தபடியே தொட்டாள். கேமராவில் விரல் இறங்கியது. பாட்டு வந்தது. புரண்டு படுத்தாள். ஞாயிறும் அப்படியே. திங்களும் அப்படியே. மூன்று நாள் நிம்மதி.

நான்காம் நாள் தொட்டாள். விரல் இறங்கியது... இறங்கி, பட்டனுக்குக் கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் 'ங்ங்ங்' என்று முனகியது. மறுபடி தொட்டாள். அதே இடத்தில் நின்றது. பதினேழு முறை தொட்டாள். பதினேழு முறையும்.

பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பிப் போனாள். அவள் போய்ச் சேர்ந்து சோதித்துப் பார்த்தபோது விரல் ஒழுங்காக இறங்கி, சமர்த்தாக அழுத்தியது.

மாலையில் பிள்ளைகள்மேல் பாய்ந்தாள். இரட்டை ஜடைக்காரிக்கு ரோஷம் வந்துவிட்டது. விரல் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் எழுதி வைத்த கணக்குகளைத் திறந்து காட்டினாள்.

"எங்க ரோபோ மேல தப்பு இல்லக்கா. நடுவுல யார் கையாவது இருந்தா நசுங்கிடக் கூடாதுன்னு, எதுலயாவது இடிச்சா நிக்கற மாதிரி எழுதியிருக்கோம். அது எதுலயோ இடிச்சிருக்கு."

"எதுல?"

இரட்டை ஜடைக்காரி எண்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பட்டன்னா கெட்டியா காட்டும். இது... மெத்துன்னு இருக்கு."

மறுநாள் மதியம். ஆபீஸில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். வெப்பக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நிலையத்திலிருந்து வெளியே போவதெல்லாம் பதிவாகும். அந்த மௌனங்களும் பதிவாகியிருந்தன. சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினாள். ஸ்கூட்டரில் போன நாட்களில் ஒன்றைப் போட்டாள்.

முழு மௌனம் இல்லை அது. ஸ்டூடியோ மைக் திறந்திருந்தது போல, அடியில் ஒரு 'ஸ்ஸ்ஸ்'. பிறகு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ ஒரு காகிதத்தை மேஜைமேல் வைத்து நீவினார்கள்... நீவிக்கொண்டே இருந்தார்கள். இருபது நிமிடம். பிறகு பூட்டுத் திறக்கும் ஒலி. அவளுடைய செருப்பு. "சனியனே, உன்னை..." என்று அவளுடைய குரல். நாற்காலி அந்தப் பக்கம் திரும்பியது. மூச்சை உள்ளே இழுக்கும் ஒலி. நீளமாக. பேச வாயெடுக்கும்போது நாம் இழுப்போமே, அப்படி.

உடனே எல்லாம் அறுந்து, பாட்டு.

இன்னொரு நாளைப் போட்டாள். அதே. இன்னொன்று... அதே. ஒவ்வொரு நாளும் அவள் உள்ளே வரும்வரை காத்திருந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் அது வாயெடுத்தபோது அவள் பட்டனை அழுத்தியிருக்கிறாள்.

உங்களுக்கும் எனக்கும் இந்த இடத்தில் கைகால் ஓடாது. அவளும் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்ததாம். இரண்டு வாரத் தூக்கம். ஆபீஸில் கெட்ட பெயர். மேனேஜரின் பேச்சு. எல்லாம் இதற்காகவா?

"பேசணும்னா பேசித் தொலையட்டும்," என்றாளாம் என் தோழியிடம். "நான் அழுத்தப் போறதில்ல அண்ணி."

அன்று இரவு அலாரத்தை அணைத்துவிட்டு, போனில் ஒலிபரப்பை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான்கு பத்து. பாட்டு நின்றது. 'ஸ்ஸ்ஸ்'. நாற்காலி. காகிதம். மூச்சு...

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. 'ஸ்ஸ்ஸ்'கூட இல்லை. பதினொரு நிமிடம் வெறும் மௌனம். பிறகு, யாரும் அழுத்தாமலே, பாட்டு. "இதுக்கா?" என்று போனை மெத்தையில் எறிந்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

காலை எட்டு மணிக்கு மேனேஜர் போனில் பேசினார்.

"யாரைக் கேட்டு புது ப்ரோக்ராம் போட்ட? அஞ்சு மணியிலேருந்து போன் வந்துக்கிட்டே இருக்கு. யார் அந்த அம்மா?"

"எந்த அம்மா சார்?"

பேக்கரியில் மாவு பிசைகிறவர், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர், பால்வண்டி டிரைவர்... விழித்திருந்த அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள். ஒரு பெண் குரல். 'கேக்குதா?' என்றதாம். சற்று நேரம் விட்டு மறுபடி, 'கேக்குதா?' கோபமில்லாமல், பொறுமையாக, பதினொரு நிமிடம். நர்ஸ் ரேடியோவைப் பார்த்து "கேக்குதும்மா" என்று பதில்கூடச் சொன்னாராம். கடைசியில், 'சரி... வரேன்' என்று சொல்லி முடித்ததாம்.

"நல்ல குரலாம்," என்றார் மேனேஜர். "தினமும் வரச் சொல்லு."

பதிவைப் போட்டுப் பார்த்தாள். மற்றவர்களுக்கும் போட்டுக் காட்டினாள். பதினொரு நிமிடமும் காலி.

அன்றோடு அந்த மௌனம் நின்றது. நான்கு பத்துக்குப் பாட்டு ஒழுங்காக ஓடியது. பிள்ளைகளின் விரல் போட்டிக்குப் போய் முதல் சுற்றிலேயே திரும்பியது. "ஒரு பட்டனை அழுத்த இவ்வளவா?" என்று நடுவர் கேட்டாராம். இரட்டை ஜடைக்காரி வழியெல்லாம் அழுதாள். அதற்கும் வெப்பக்காதான் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. மற்றபடி நன்றாகத் தூங்கினாள். 'வரேன்' என்றுதானே நாமும் விடைபெறுகிறோம்? போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் விடியற்காலையில் அவர்கள் தெருவில் கரண்ட் போனது. ஒன்பதே நிமிடம். பேன் நின்றது, பிரிட்ஜ் நின்றது, தெருவே அடங்கியது. வெப்பக்காவுக்கு அது தெரியாது, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் என் தோழி புழுக்கத்தில் விழித்துக்கொண்டாள்.

காலையில் காபி போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ராத்திரி அந்த நேரத்துல யாரு போன்ல?"

"போனா? நான் தூங்கிட்டேனே அண்ணி."

"சும்மா சொல்லாத. ஸ்பீக்கர்ல போட்டிருந்தியா? ஒரு லேடி பேசிக்கிட்டே இருந்தாங்க. என்னன்னு புரியல. நீ கூடவே 'ம்... ம்...'னு கேட்டுக்கிட்டு இருந்த."

வெப்பக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கடைசியா, 'எப்போ?'ன்னு கேட்டியே," என்றாள் என் தோழி. "அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"