வெல்லம் போட்ட சாம்பார் விவகாரம்

பேருந்தில் நான் புத்தகத்தை விரித்து வைத்திருப்பது படிப்பதற்காக அல்ல, கௌரவமாக ஒட்டுக்கேட்பதற்காக. ஓசூரிலிருந்து வரும் வழியில், சூளகிரி தாண்டியதும், முன் இருக்கையில் தொழிற்சாலைச் சீருடையில் இருந்த பெண் பக்கத்திலிருந்த மூத்தவளிடம் சொன்னாள்:

“மன்னிப்புக் கேட்டதுக்கும் மன்னிப்புக் கேக்கணுமாம்க்கா.”

“அப்படி என்னடி பண்ணுன?”

“கேன்டீன் சாம்பார்ல கன்னடத்துப் பக்குவத்துல வெல்லம் போடுறாங்கல்ல, அதை முருங்கைக்காய் பாயசம்னு வாட்ஸப் குரூப்ல எழுதினேன். கன்னடக்காரங்க கோச்சுக்கிட்டாங்க. சரின்னு மன்னிப்புக் கேட்டேன். இப்ப நம்மாளுங்க, மானத்தை வாங்கிட்டேன்னு என் போட்டோவைப் போட்டுத் திட்டுறாங்க.”

“அவங்க கெடக்கறாங்க. சமைக்கிற மஞ்சுளாக்கா என்ன சொல்லுச்சு? மூணு வேளையும் அது கையாலதானே திங்கறோம்.”

“அந்தப் பயத்துலதான்க்கா இன்னிக்குத் தட்டை நீட்டுனேன். வெல்லம் போடாம எனக்குன்னு ஒரு கிண்ணம் தனியா எடுத்து வெச்சிருந்துச்சு.”

“பரவால்லியே! எப்படி இருந்துச்சு?”

அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். நான் அவசரமாக ஒரு பக்கம் திருப்பினேன்.

“நல்லாவே இல்லக்கா. எல்லாருக்கும் ஊத்துறதையே எனக்கும் ஊத்துங்கன்னு சொல்லிட்டேன்.”

“குரூப்லயா?”

“மஞ்சுளாக்கா காதுலதான். சிரிச்சுக்கிட்டே ரெண்டு கரண்டி ஊத்துச்சு.”