ஐந்தாம் வகுப்புக்கு மூன்றாவது பீரியட்

காலை ஐந்தே முக்கால். பள்ளிக்கூடத்துச் சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை... நெருங்கி உட்காருங்கள், இதைக் கத்திச் சொல்ல முடியாது. சாவிக்கொத்தோடு அந்தச் சாலையில் தனியாக நடந்து போனவர் என் சிநேகிதியின் அத்தை. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை.

விஷக் காய்ச்சல் வந்து எல்லாரையும் வீட்டுக்குள் பூட்டிப் போட்டு பதினாறு மாதம். அன்றைக்குத்தான் பள்ளி திறக்கிறது. அந்த வாரக் கடைசிக்குள் பாதிப் பிள்ளைகளாவது திரும்பி வராவிட்டால் பள்ளியை இழுத்து மூடிவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அத்தைக்குக் கல்யாணம் காட்சி ஒன்றும் இல்லை. அவருக்கு எல்லாமே அந்தப் பள்ளிதான்.

பத்து நாளாக எட்டு ஆசிரியர்களும் மாடாய் உழைத்திருந்தார்கள். கணக்கு மாஸ்டர் வௌவால் எச்சத்தைச் சுரண்டினார். விளையாட்டு மாஸ்டர் பெஞ்சுகளுக்கு ஆணி அடித்தார். இருந்த இடத்தை விட்டு அசையாத கிளார்க்கே துடைப்பம் எடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கால அட்டவணையை மட்டும் அத்தை யாரிடமும் கொடுக்கவில்லை. பழைய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டில் ஒரே மூச்சில் எழுதி, முந்தின நாளே போர்டில் ஒட்டிவிட்டார்.

மணி அடிக்குமுன் எல்லாரையும் கூப்பிட்டு ஒன்று சொன்னார்.

"வீட்டுக் கதை எதையும் பிள்ளைங்ககிட்ட கேக்காதீங்க. ஒண்ணு அழுதா வகுப்பே அழும். நேரா பாடத்துக்குப் போங்க."

எல்லாரும் தலையாட்டிவிட்டு வகுப்புக்குப் போனார்கள். அத்தையின் கண்டிப்பு அப்படி. ஆனால் அது கண்டிப்பு இல்லை, பயம். அவரோடு ஒரே வீட்டில் இருந்த அவருடைய அக்கா நாலாவது மாதமே காய்ச்சலில் போய்விட்டார். அதைப் பள்ளியில் ஒருவரிடமும் அத்தை சொல்லவில்லை. யாராவது ஒரு வார்த்தை கேட்டால் உடைந்துவிடுவோம் என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாவது பீரியடில் வராந்தாவில் ஒரு சுற்று வந்தார். எல்லா வகுப்பிலும் சந்தைக்கடைச் சத்தம். ஐந்தாம் வகுப்பு மட்டும்... அமைதி.

கிராம்பு வாசனை அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஒரு பிள்ளை எழுந்து ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தது. அடுத்த பிள்ளை எழுந்தது. ஆசிரியர் நாற்காலியை அலமாரி மறைத்தது. தாளில் பேனா கீறும் சத்தம் மட்டும்... சர்ர்... சர்ர். மற்ற எல்லாரையும் வகுப்புகளில் பார்த்தாயிற்று, விளையாட்டு மாஸ்டர்தான் உள்ளே இருக்கிறார், பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

இடைவேளையில் அவரைப் பாராட்டினால், அவர் விழித்தார்.

"நான் கிரவுண்டுல இருந்தேனே மேடம்."

ஒவ்வொருவராகக் கேட்டார். யாரும் போகவில்லை. கணக்கு மாஸ்டர் அத்தையை போர்டுக்கு அழைத்துப் போய் ஒரு கட்டத்தைக் காட்டினார். ஐந்தாம் வகுப்பு, மூன்றாவது பீரியட்: சின்ன டீச்சர்.

சின்ன டீச்சர் பிள்ளைகள் உயரம்தான் இருப்பார். சொத்தைப் பல்லுக்காக எப்போதும் வாயில் ஒரு கிராம்பு. காய்ச்சலில் ஏழாவது மாதம் போய்ச் சேர்ந்தவர். போனில்தான் ஆசிரியர்களுக்குச் செய்தி வந்தது. முகம் பார்க்கக்கூட ஒருவராலும் போக முடியவில்லை. பழைய தாளைப் பார்த்து எழுதும்போது கை பழக்கத்தில் அந்தப் பெயரையும் எழுதியிருக்கிறது.

"நேத்தே பாத்தோம் மேடம். மரியாதைக்கு நீங்க வேணும்னே விட்டிருக்கீங்க, அந்தப் பீரியடுக்கு நீங்களே போவீங்கன்னு நெனச்சோம்" என்றார் கணக்கு மாஸ்டர்.

எட்டுப் பேரும் அப்படியே நினைத்திருக்கிறார்கள். ஒருவருக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

அத்தை ஐந்தாம் வகுப்புக்கு ஓடினார். மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள். முன் பெஞ்சில் ஒரு சிறுமி பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். யார் வந்தது என்று கேட்டதற்கு, சின்ன டீச்சர்தான் என்றாள் சாதாரணமாக. டீச்சர் இறந்துபோனதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவே இல்லையே.

"என்னம்மா நடத்தினாங்க?"

"ஒண்ணும் நடத்தல மேடம். வீட்ல இப்ப யாரு இல்லன்னு ஒவ்வொருத்தரா கேட்டாங்க. சொன்னோம். கேட்டு முடிச்சதும் ஒரு டிக் போட்டாங்க. அழணும்னா அழுதுக்கோங்கன்னாங்க."

மேஜையில் வருகைப் பதிவேடு விரிந்து கிடந்தது. சிவப்பு மை, வலப்பக்கம் சாய்ந்த பொடி எழுத்து. அது யார் கை என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளின் பெயர்களுக்கு எதிரே... அப்பா. தாத்தா. அம்மா. மாமா. அம்மா. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு டிக். கடைசிப் பிள்ளைக்குக் கீழே 'தலைமையாசிரியை' என்று இருந்தது. அதற்கு எதிரே காலி.

அத்தை அந்தச் சின்னப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கக்கா போயிட்டாங்க" என்றார். "நாலாம் மாசமே."

பதினாறு வருடம் கூட வேலை பார்த்தவர்கள் அன்றைக்குத்தான் அவர் அழுது பார்த்தார்கள். தன் பேனாவால் 'அக்கா' என்று எழுதினார். கணக்கு மாஸ்டர் அந்தப் பேனாவை வாங்கி, தன் பெயரைப் போட்டு 'தம்பி' என்று எழுதினார். பேனா கைமாறிக்கொண்டே போனது. கிளார்க் அதை வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு 'மகள்' என்று எழுதினார். அதுவரை அதுவும் ஒருவருக்கும் தெரியாது.

அன்று மத்தியானம் எந்த வகுப்பிலும் பாடம் நடக்கவில்லை. யாரும் சொல்லாமலே ஒவ்வொரு டீச்சரும் வீட்டில் யார் இல்லை என்று கேட்டார். பிள்ளைகள் சொல்லி அழுதார்கள், டீச்சர்களும் அழுதார்கள். மறுநாள் முதல் நாளைவிட நாற்பது பிள்ளைகள் கூடுதலாக வந்தார்கள். பாதிக்கு மேல் ஆகிவிட்டது, பள்ளி பிழைத்துக்கொண்டது.

ஆனால் கதை அதில்லை... அந்த முதல் நாள் மாலையில் அத்தை அந்தப் பதிவேட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் எல்லாரும் சுற்றி நிற்க அவரே திறந்தார்.

அக்கா, தம்பி, மகள்... ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சிவப்பில் டிக் போட்டிருந்தது. அடியில் ஒரு வரி கூடியிருந்தது. அதே சாய்ந்த எழுத்து. சின்ன டீச்சர் என்று போட்டு, எதிரே 'எல்லாரும்' என்று எழுதியிருந்தது.

அதற்கு மட்டும் டிக் இல்லை.