கத்திரிக்காய் அரிந்த குற்றம்

மதகடிப்பட்டு பஸ்ஸில் நான் காலேஜ் புத்தகத்தைப் பிரித்து வைத்திருந்தேன். ஒரு வரியும் ஓடவில்லை. முன் சீட்டில், உதடு பிளந்த கைக்குழந்தையோடு ஒருத்தியும் அவள் சிநேகிதியும்.

“கிரகணத்தப்போ கத்திரிக்கா அரிஞ்சதுதான் குத்தம்னு உன் மாமியா ஊரெல்லாம் சொல்லிச்சேடி?”

“ஆஸ்பத்திரியிலயும் சொல்லிச்சு. அங்க ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சி பண்றாங்க. இன்னா மாத்திரை சாப்ட்ட, வயல்ல மருந்தடிச்சப்போ நின்னியா, புருஷன் இன்னா உறவுன்னு கேட்டு எழுதுறாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

“நான் எங்க சொன்னேன்? மாமியாதான் முந்திக்கிச்சு. ‘என் சொந்த அண்ணன் பொண்ணும்மா. வெளியில குடுக்கக் கூடாதுன்னு மூணு நாளு சோறு தின்னாம கெடந்து என் புள்ளைக்குக் கட்டிக்கினு வந்தேன்’னு ஒரே பெருமை.”

“டாக்டரம்மா?”

“கிரகணத்தால ஒண்ணும் வராது, நெருங்கின சொந்தத்துல கட்டறது ஒரு காரணமா இருக்கலாம்னு சொல்லிட்டு, எழுதிக்கினாங்க. ‘இன்னாம்மா, கத்திரிக்காய வுட்டுட்டு என்னை எழுதுற?’ன்னு கேட்டுச்சு பாரு!”

சிநேகிதி சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“கொழந்தைக்கு?”

“ஒதட்டத் தச்சிடலாமாம்.”

“உன் மாமியா வாய்க்கு?”

“அது தைக்காமலே மூடிக்கிச்சு.”