டிரைவர் சீட்டில் இருந்தவர்

படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பதினான்கு வருஷம் கண்டக்டராக இருந்தேன். ஒருவரைக்கூடப் படியில் நிற்க விட்டதில்லை. உயிர் விஷயத்தில் நான் கறார்.

வக்கீல் செல்வமாரி அம்மா, நீங்கள் என்னை ஏசாமல், “உங்க கையாலயே எழுதிக் குடுங்க தங்கப்பாண்டி” என்று தாளை நீட்டியது எனக்குப் பிடித்திருந்தது. ஆவுடைத்தாய் மதினிக்காக வந்தவர் என்றாலும் நியாயமானவராகத் தெரிகிறீர்கள். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் பஸ் எப்போதும்வென்றான் கிராமத்தில் புறப்பட்டு எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டிக்குப் போகும். டிரைவர், மதினியின் வீட்டுக்காரர் வன்னியபெருமாள் அண்ணாச்சி. முதலாளி அழகிரிசாமி போட்ட டைமில் அவருக்குக் காலைச் சாப்பாட்டுக்கு இடமே கிடையாது. ஆகவே எட்டயபுரம் தாண்டியதும், டிக்கெட் போட்டு முடித்துவிட்டு நான் ஸ்டீயரிங்கைப் பிடிப்பேன். அண்ணாச்சி இடப்பக்க முன் சீட்டில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பார். எனக்கு பஸ் ஓட்ட லைசென்ஸ் இல்லை என்பது வழக்கமாக வருகிற எல்லாருக்கும் தெரியும். “தங்கப்பாண்டி ஓட்டுனா வெரசாப் போயிருதான்” என்று மெச்சியவர்களும் உண்டு.

ஐப்பசி மழைக்குப் பிறகு கரிசல் காட்டிலிருந்து டிராக்டர் ஏறினால், தார் ரோட்டில் மண் அப்பிக் கிடக்கும். அதன்மேல் சட்டென்று பிரேக் போடக் கூடாது. அண்ணாச்சி எத்தனையோ தடவை சொல்லித் தந்திருந்தார். அன்றைக்கு எனக்கு மறந்துவிட்டது. பஸ் வழுக்கி, இடப்பக்கம் முழுக்கப் பாலத்துச் சுவரில் மோதியது. அண்ணாச்சியோடு சேர்த்து நான்கு பேர் இறந்தார்கள். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு.

போலீஸ் வந்தபோது அண்ணாச்சி டிரைவர் சீட்டில் இருந்தார். நான்தான் தூக்கி உட்கார வைத்தேன்.

அதற்குக் காரணம் இருந்தது. லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினான் என்று தெரிந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும், அடிபட்ட குடும்பங்கள் தெருவில் நிற்கும் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒவ்வொருவரிடமாகப் போய் இதை எடுத்துச் சொன்னேன். எல்லாரும் புரிந்துகொண்டார்கள். எட்டயபுரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பீர் முகம்மது மட்டும் தயங்கினார். அவரும் அந்த பஸ்ஸில் வந்தவர். பக்கத்தில் இருந்த மனைவி நூருன்னிசாவைப் பறிகொடுத்தவர்.

“நீ ஓட்டுனத என் கண்ணால பாத்தேன். அந்த மனுசன் இட்லில்லா தின்னுக்கிட்டு இருந்தாரு.”

“அப்ப உண்மையவே சொல்லுங்க பாய். ஒங்க மக அல்ஃபியாவுக்குச் சேர வேண்டியதும் போயிரும். பொறவு என்னையக் குத்தம் சொல்லக் கூடாது.”

அண்ணாச்சிதான் ஓட்டினார் என்ற வாக்குமூலத்தில் கடைசியில் அவரும் கையெழுத்துப் போட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பந்தியில் இருக்கிற எல்லாரும் சேர்ந்து சோறு போட்டால் மறைக்கலாம்.

வழக்கு நல்லபடியாக முடிந்தது. மதினியைத் தவிர எல்லாருக்கும் இழப்பீடு கிடைத்தது. மதினி யோசனை கேட்டதும் என்னிடம்தான்.

“அவிய தூங்கிட்டாவன்னு பேப்பர்ல போட்டிருக்காம். வண்டி ஓட்டும்போது அவிய கண்ணசர மாட்டாவளே தம்பி.”

“விதி மதினி. தப்பு பண்ணுன டிரைவர் குடும்பத்துக்குச் சட்டத்துல ஒண்ணும் கெடையாது. கோர்ட்டு கோர்ட்டா அலையாதீங்க.”

அவர் அலையவில்லை. தீப்பெட்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். பஸ்ஸில் வந்தவர்கள் மதினியைக் கடைத்தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். எனக்கு அது வருத்தம்தான். நின்று நலம் விசாரித்தவன் நான் ஒருவன்தான்.

லைசென்ஸ் இல்லாவிட்டாலும், கம்பெனி பாதிக்கப்பட்டவர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளக் கோர்ட் உத்தரவிடலாம் என்றீர்கள். அண்ணாச்சியே ஓட்டியிருந்தாலும், வேலை நேரத்தில் இறந்தவர் என்று மதினி தனியாகக் கேட்டிருக்கலாம் என்றும் சொன்னீர்கள். அப்படிப் பார்த்தால் என் ஏற்பாடு முதலாளிக்கும் எனக்கும் தவிர வேறு யாருக்கும் தேவைப்படவில்லை. அந்த முதல் சங்கதி, வழக்கு நடக்கும்போதே கோர்ட் வாசலில் என் காதில் விழுந்தது. அப்போது வாயைத் திறந்திருந்தால் சாட்சி சொன்னவர்கள் அத்தனை பேரும் பொய்யர்கள் ஆகியிருப்பார்கள். அவர்கள் மானம் போக வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மனசு உறுத்தி பீர் முகம்மது உங்களிடம் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்றீர்கள். எல்லாம் அவருக்குத் தெரியாது. அவர் அந்த நேரம் ரோட்டோரத்தில் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மற்றவர்கள் பின்வாசல் வழியாக இறங்கிக் காட்டில் கிடந்தார்கள். பஸ்ஸுக்குள் நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் தூக்கும்போது அண்ணாச்சிக்கு உயிர் இருந்தது. “ஏலே, என்னைய ஏம்ல இங்கன உக்கார வைக்கெ?” என்று தெளிவாகவே கேட்டார். என் துண்டை எடுத்து அவர் முகத்தில் போட்டு, விலகாமல் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தபோது, “டிரைவர் போயிட்டாரு, பின்னால உள்ளவியளப் பாருங்க” என்றேன்.

அவர் பிழைத்துப் பேசியிருந்தால் அத்தனை குடும்பங்களின் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அண்ணாச்சி யாருக்கும் விட்டுக்கொடுக்கிற மனுஷர். கேட்டிருந்தால் அவரே சரி என்றிருப்பார். அதனால்தான் நான் கேட்கவில்லை.