நாப்பது நிமிஷ வெங்காயம்

…வெங்காயத்தைச் சொல்லிக் குத்தமில்லண்ணே. அது பாட்டுக்கு நல்லா வதங்கி தேன் நிறத்துக்கு வருது. மத்த பர்னரையெல்லாம் கழட்டாம விட்ருங்க, இந்தப் பெரிய பர்னர்லதான் கோளாறு. அதுவும் பாருங்க, எனக்கு ஒழுங்கா எரியுது, அவளுக்குத்தான் எரிய மாட்டேங்குது. அடுப்புக்குக்கூட ஆள் பார்த்து எரியத் தெரியுது.

அவள்னா என் நாத்தனார். வீட்டுக்காரரோட தங்கச்சி. நீங்க உள்ள வரும்போது முன்னாடி மேசையில பையை மடியில வெச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தாளே, அவதான். அந்தப் பைக்குள்ள அவ இரும்புச் சட்டியும் கரண்டியும் இருக்கு. இன்னிக்கோட கடையை விட்டுப் போறாளாம். ஆறு வருஷமா ரெண்டு பேரும் சேர்ந்து நடத்தற சாப்பாட்டுக் கடைண்ணே இது. என் வீட்டுக்காரர் ரொட்டி வாங்கிட்டு வர்றேன்னு காலைல போனவர்தான். பொண்டாட்டிக்கும் தங்கச்சிக்கும் நடுவுல நிக்க வேண்டி வந்தா அவருக்கு ரொட்டி ஞாபகம் வந்துடும்.

மெதுவா பாருங்க, அவசரமில்ல. காத்தாடி ஓடுது, நாம பேசறது அவளுக்குக் கேக்காது.

அவ பதினோரு வருஷம் ஒரு சீனாக்காரர் ஓட்டல்ல சட்டி பிடிச்சவ. தீ மூஞ்சி வரைக்கும் எழும்பினாத்தான் அவளுக்குச் சமையல். நான் ஒரு ஸ்பெயின்காரங்க வீட்டுல சமையலுக்கு இருந்தேன். அந்த வீட்டம்மா வெங்காயம் வதக்கறதுக்குள்ள நீங்க ஒரு கல்யாணத்துக்குப் போய் சாப்பிட்டுட்டே வந்துடலாம். அங்கதான் பொறுமைய கத்துக்கிட்டேன். வெங்காயத்துல மட்டும். மத்த விஷயத்துக்கு என் வீட்டுக்காரரக் கேட்டா வேற கதை சொல்வார்.

கடை ஆரம்பிச்ச புதுசுல ஒருநாள், குடல்ல கறி அடைச்ச என் ஸ்பெயின் சாசேஜ் கொஞ்சம் மிச்சம், அவ சீனா சாசேஜ் கொஞ்சம் மிச்சம். என்னுது செக்கச்செவேல்னு, மிளகாயும் புகையும் ஏறினது. அவளுது காய்ஞ்சு சுருங்கி இருக்கும், கடிச்சா இனிக்கும். ரெண்டையும் வட்டம் வட்டமா நறுக்கி, என் வெங்காயத்தோட அவ சட்டியில போட்டோம். சோயா சாஸ் ஒரு சுத்து, சமையல் ஒயின் கொஞ்சம், அவ கையால நாலு புரட்டு. அவ்ளோதான். வந்தவங்க தட்டை ரொட்டியால வழிச்சு சுத்தமாக்கிட்டுப் போனாங்க. இன்னிக்கும் பாதிப் பேர் அதுக்குத்தான் வர்றாங்க.

அதுக்கு ஒரு ஒப்பந்தம் இருக்குண்ணே. முதல் நாப்பது நிமிஷம் என்னுது, சின்னத் தீ. கடைசி மூணு நிமிஷம் அவளுது, பெரிய தீ. ஆனா அவளுக்கு ஏது பொறுமை? நான் பின்னாடி போய் வெங்காய மூட்டைய இழுத்துட்டு வர்றதுக்குள்ள தீயை ஏத்தி விட்ருவா. கேட்டா, ஆளுங்க காத்திருக்காங்க அண்ணின்னு நீட்டி முழக்குவா. ஓரம் கருகின வெங்காயத்த யார் திம்பா? நான்தான் திம்பேன். வாயை மூடிக்கிட்டு… சரி, வாயை மூடாமதான். இருந்தாலும் நான்தான் திம்பேன்.

என்ன, டார்ச்சா? அந்த ஆணியில தொங்குது பாருங்க, நூல்ல கட்டியிருப்பேன். வெங்காய மூட்டை வாயில சிவப்பு நூல் வருமே, அதை நான் குப்பையில போட மாட்டேன். டார்ச், துடைப்பம், அலமாரிக் கதவு, இந்தக் கடையில எதெல்லாம் ஆடுதோ அதெல்லாம் நான் கட்டினதுதான். ரெண்டு சுத்து, ஒரு சுருக்கு, மேல ஒரு முடிச்சு. லேசுல அவிழாது. என்னையும் இப்படித்தான் கட்டிப் போட்டிருக்கான்னு என் வீட்டுக்காரர் பாக்கறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டுத் திரிவார்.

எங்க விட்டேன்… ஆங், அடுப்புக் கோளாறு. நான் காய்ச்சல்ல விழுந்தேன்ண்ணே, ஒம்போது நாள். அவ ஒத்தை ஆளா கடையைப் பாத்திருக்கா. அப்பத்தான் இந்த அடுப்பு அவளைப் பழி வாங்கியிருக்கு. சட்டி சூடே ஏறலயாம். சாசேஜ் வறுபடாம எண்ணெயில மிதந்துக்கிட்டு, வெங்காயம் தண்ணி விட்டுக்கிட்டு… தினமும் வர்ற தபால்காரர் பாதித் தட்டை அப்படியே வெச்சிட்டு எழுந்து போனாராம். திட்டியிருந்தாக்கூட அவ தாங்கியிருப்பா.

நேத்து நான் வந்து நிக்கறேன், கையை நீட்டிக் காட்டறா. "அண்ணி, என் கை போயிடுச்சு. இனிமே எனக்குச் சமையல் வராது." சண்டைன்னா முதல் ஆளா நிக்கறவ, சத்தமே இல்லாம சொல்றா. அதான் உங்களைக் கூப்பிட்டேன். அடுப்புதான் பழுதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா அவ பையைப் பிரிச்சிடுவா. அவளைக் கரிச்சுக் கொட்டாம எனக்குப் பொழுது போகாதுண்ணே. அவ இல்லாம இந்தக் கடையே எனக்கு வேண்டாம். இதை அவகிட்ட போய் சொல்லி வெக்காதீங்க.

என்ன? வால்வா? இந்த பர்னருக்குப் பின்னாடி வர்ற கேஸ் குழாயில… பாதி மூடியிருக்கா? பாத்தீங்களா, நான்தான் சொன்னேனே, அவ கையில ஒண்ணும் இல்லன்னு. எந்தப் புண்ணியவான் மூடினது? பாத்திரம் கழுவற அம்மாவா இருக்கும். அவங்களுக்குக் கை சும்மா இருக்காது. திறந்து விடுங்க.

திறக்க வரலயா. கட்டியிருக்கா? எதால?

…சிவப்பா.

டார்ச்சை இப்படிக் காட்டுங்க.

ரெண்டு சுத்து. ஒரு சுருக்கு.

நாப்பது நிமிஷத்துக்குத்தான்ண்ணே கட்டினேன். அவ தீயை ஏத்தினாலும் ஏறக் கூடாதுன்னு. என் பங்கு முடிஞ்சதும் அவளுக்குத் தெரியாம அவிழ்த்துடலாம்னுதான் இருந்தேன். அன்னிக்குன்னு பாத்து வெங்காயம் பாதி வதங்கும்போதே குளிர் தூக்கிப் போட்டுச்சு. காய்ச்சல்ல முடிச்சு அடியோட மறந்தே போச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனதே அவதான். போர்த்தி விட்டுட்டு வந்தவ, நான் கட்டி வெச்ச அடுப்புல ஒம்போது நாள்… தன் கையைத் தானே பாத்துக்கிட்டு.

அண்ணே, நீங்க ஒண்ணு பண்ணுங்க. குழாய்ல அடைப்புன்னு சொல்லிடுங்க. மெக்கானிக் சொன்னா நம்புவா. உங்களுக்கு ரெண்டு பொட்டலம் கட்டித் தர்றேன். சிரிக்காதீங்க.

எழுந்துட்டா பாருங்க. பையைத் தோள்ல மாட்டறா.

இல்ல, அடைப்புன்னு சொல்ல வேண்டாம். அடைப்புன்னு சொன்னா, நாளைக்கு ஒரு நாள் உப்பு கூடினாக்கூட மறுபடி கையைத்தான் பாத்துப்பா. அந்தக் கத்தரிக்கோலை உள்ள வைங்க. வெட்டாதீங்க. என் முடிச்சு அவளுக்குத் தெரியும், அவளே வந்து பாக்கட்டும்.

இந்தாம்மா… உன்னத்தான். பையை வெச்சிட்டு இங்க வா. உன் கைக்கு ஒண்ணும் ஆகல. வந்து என் கை பண்ணின வேலையைப் பாரு.

அண்ணே, நீங்க எங்க கிளம்பறீங்க? பையை வைக்காம கரண்டியை மட்டும் வெளிய எடுத்துட்டு வர்றா. கொஞ்ச நேரம் என் முன்னாடி நில்லுங்க.